பணம் வாங்க பின் நம்பர் எதற்கு?

போன மாதக் கூட்டத்தில் மதியச் சாப்பாடு முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். இயற்கை விவசாயத்துக்குப் புதிதாக வந்திருக்கும் ஒரு தம்பி பக்கத்தில் வந்து போனை நீட்டினார். "அண்ணே, 100 கிலோ அரிசி வேணும்னு ஒருத்தர் பேசினார். பணம் அனுப்ப கியூஆர் கோடு போட்டிருக்கார். ஸ்கேன் பண்ணட்டுமா?"

பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் என் போனுக்கு வந்த அதே மாதிரிப் படம். "தம்பி, அதைத் தொடாதே" என்றேன். அவர் கேட்டார், அதனால் அவர் பணம் தப்பியது. நான் அன்று யாரையும் கேட்கவில்லை. 36,000 ரூபாய் போனது.

கேட்காமல் விட்டது முதல் தப்பு. அதைவிடப் பெரிய தப்பு ஒன்றை அதற்கு அப்புறம் செய்தேன். அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். நேரடி விற்பனை செய்கிற, செய்யப்போகிற எல்லாருக்கும் இது உதவும்.

அன்று நடந்தது

எனக்குத் திருத்துறைப்பூண்டி பக்கம் மூன்று ஏக்கர். மாப்பிள்ளை சம்பா, தூயமல்லி, கொஞ்சம் கருப்புக் கவுனி. விளைய வைப்பது ஓரளவு பழகிவிட்டது. விற்பதுதான் இன்றைக்கும் பாடு. வியாபாரியிடம் போட்டால் மருந்தடித்த நெல்லுக்கு என்ன விலையோ அதேதான் நமக்கும். அரிசியாக்கி நாமே விற்றால்தான் கட்டுப்படியாகும். அதற்காகப் போன் நம்பரையும் அரிசிப் படத்தையும் வாட்ஸ்அப் குழுக்களிலும் முகநூலிலும் போட்டிருந்தேன்.

பங்குனி மாதம். வீட்டில் மாப்பிள்ளை சம்பா அரிசி மூட்டைகள் அடுக்கிக் கிடந்தன. தவிடு நீக்காத அரிசி. உங்களுக்கே தெரியும், அது ரொம்ப நாள் தாங்காது. வண்டு விழுந்துவிடும், சிக்கு வாடை வந்துவிடும். எப்போது போகுமோ என்று தினமும் மூட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் போன் வந்தது. பேசியவர் தமிழ் கொஞ்சம் தடுமாறிப் பேசினார். ராணுவத்தில் இருப்பதாகவும், தஞ்சாவூர் முகாமில் கேன்டீன் பொறுப்பு பார்ப்பதாகவும் சொன்னார். "200 கிலோ வேணும் சார். இயற்கை அரிசி நல்லதுன்னு எங்க பெரிய ஆபீசர் சொல்லிருக்கார்." கிலோ 90 ரூபாய் என்றேன். பேரம் பேசவே இல்லை. சரி என்றார். இன்று யோசித்தால் அங்கேயே உறைத்திருக்க வேண்டும். நம் அரிசியைப் பார்க்காமல், ஒரு பிடி சமைத்துப் பார்க்காமல், எவர் 200 கிலோ கேட்பார்?

வாட்ஸ்அப்பில் ராணுவ உடை போட்ட படம், அடையாள அட்டை, ஆதார் அட்டை என்று வரிசையாக அனுப்பினார். எனக்குச் சந்தேகம் கேட்கவே வாய் வரவில்லை. நாட்டுக்குக் காவல் நிற்கிறவரிடம் போய் என்ன கேட்பது?

"வண்டி கிளம்பிருச்சு சார், ரெண்டு மணி நேரத்துல வந்துரும். பணத்தை இப்பவே போட்டுர்றேன். ஆர்மி அக்கவுண்ட் வேற மாதிரி. நான் அனுப்புற கோடை நீங்க ஸ்கேன் பண்ணணும். முதல்ல அஞ்சு ரூபாய் போட்டுப் பாருங்க, பத்தா திரும்பி வரும்" என்றார். போட்டேன். பத்து வந்தது.

நம் பக்கம் நடக்கும் நெல் திருவிழாவில் 2 கிலோ விதைநெல் வாங்கினால், அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பித் தருகிறோம். கொடுத்தது இரட்டிப்பாகத் திரும்பும் என்பதை நம்பியே பழகிய கை இது. அஞ்சு பத்தாக வந்ததும் மனசு இளகிவிட்டது.

அடுத்து 18,000 ரூபாய்க்கு ஒரு கோடு வந்தது. ஸ்கேன் செய்ததும் திரையில் 'பே' என்று வந்தது. பே என்றால் 'கொடு' என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அவர் மூச்சு விடாமல் பேசிக்கொண்டே இருந்தார். "போனை வைக்காதீங்க சார், லைன்லயே இருங்க, பின் போடுங்க, இப்ப வந்துரும்." போட்டேன். 18,000 ரூபாய் என் கணக்கிலிருந்து போய்விட்டது.

"ஐயோ, சர்வர் பிரச்சினை. இன்னொரு தடவை அதே மாதிரி பண்ணுங்க, ரெண்டும் சேர்ந்து 36,000 வந்துரும், அரிசிப் பணம் தனியா தர்றேன்" என்றார். போன பணத்தை எடுத்துவிட வேண்டும் என்ற பதற்றத்தில் மறுபடியும் பின் நம்பரைப் போட்டேன். அதுவும் போனது. அதற்குப் பிறகு அந்த நம்பர் எடுக்கவில்லை. வண்டியும் வரவில்லை.

அது கூட்டுறவுச் சங்கத்தில் வைத்திருந்த வீட்டுக்காரம்மாவின் சங்கிலியைத் திருப்ப எடுத்து வைத்திருந்த பணம்.

இரண்டு நாள் மௌனம்

"என்னங்க, அரிசிக்கு வண்டி வரலையா?" என்று கேட்டார். "ஆர்டர் கேன்சல் ஆயிருச்சு" என்றேன். அன்று இரவு தூக்கமில்லை. இருபது வருடமாக விவசாயம் பார்க்கிறவன், ஊரில் நாலு பேர் வந்து யோசனை கேட்கிறவன், போனில் பேசிய ஒருத்தனிடம் இப்படி ஏமாந்தேன் என்று எப்படிச் சொல்வது? வெளியில் தெரிந்தால் சிரிப்பார்கள் என்று வாயைத் திறக்கவில்லை. போலீசுக்கும் போகவில்லை. பேங்குக்கும் போகவில்லை.

மூன்றாம் நாள் காலை, எங்கள் விற்பனைக் குழுவில் பக்கத்து ஊர் அக்கா ஒரு செய்தி போட்டிருந்தார். மரச்செக்கில் கடலை எண்ணெய் ஆட்டி விற்கிறவர். கணவர் இல்லை, மகளோடு இருக்கிறார். "நம்ம எண்ணெய் ராணுவ கேன்டீனுக்குப் போகுது! 50 லிட்டர் ஆர்டர்!" கீழே எல்லாரும் கைதட்டும் படம் போட்டிருந்தார்கள்.

உடனே கூப்பிட்டேன். லைன் பிஸி. திரும்பத் திரும்ப அடித்தேன். பிஸி. அவன் அவரை லைனிலேயே வைத்திருந்தான். கடைசியாக எடுத்தபோது அக்காவின் குரல் உடைந்திருந்தது. "தம்பி, 9,500 ரூபா போயிருச்சுப்பா."

அன்று சாயங்காலம் நேரில் போய் என் கதையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இதை முந்தாநாளே குழுவுல போட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமே தம்பி" என்றார். அவ்வளவுதான். 36,000 போனதைவிட அந்தச் சொல் இன்னும் நெஞ்சில் கிடக்கிறது.

அக்காவின் மகள் கல்லூரியில் படிக்கிற பெண். பணம் போன அரை மணி நேரத்துக்குள் 1930 என்ற நம்பருக்குப் போன் போட்டுப் புகார் கொடுத்துவிட்டாள். அதனால் 6,000 ரூபாய் வழியிலேயே ஒரு கணக்கில் நிறுத்தப்பட்டது. அலைந்து திரிந்து, சில மாதம் கழித்து, நீதிமன்ற உத்தரவோடு அது திரும்பி வந்தது. நான் மூன்றாம் நாள் கொடுத்த புகாரில் ஒரு ரூபாய்கூட மிஞ்சவில்லை. என் பணம் பல கணக்குகளுக்குக் கைமாறி, எடுக்கப்பட்டுவிட்டது என்றார்கள். ஒரே ஆள் ஏமாற்றிய இரண்டு பேர். ஒருவர் உடனே சொன்னார், ஒருவன் சொல்லவில்லை. வித்தியாசம் அதுதான்.

ஒரே ஓர் இடத்தைப் பாருங்கள்

நாற்றங்காலில் நெல்லும் குதிரைவாலிப் புல்லும் ஒரே மாதிரி இருக்கும். புதிதாகக் களை எடுக்க வருகிறவர்கள் நெல்லைப் பிடுங்கிவிட்டுப் புல்லை விட்டுவிடுவார்கள். பழகியவர்கள் முழுச் செடியையும் பார்ப்பதில்லை. இலை தண்டோடு சேரும் இடத்தைப் பார்ப்பார்கள். அங்கே சின்ன நாக்கு மாதிரி ஒரு சவ்வு இருந்தால் நெல். ஒன்றும் இல்லாமல் மொழுக்கென்று இருந்தால் புல்.

போன் பணத்திலும் அப்படி ஓர் இடம் இருக்கிறது. அது பின் நம்பர்.

யுபிஐ முறையில் பணம் நமக்கு வருவதற்கு நாம் எதுவுமே செய்ய வேண்டியதில்லை. பின் போட வேண்டாம். கியூஆர் கோடை ஸ்கேன் செய்ய வேண்டாம். ஓடிபி சொல்ல வேண்டாம். ஒரு ரூபாய் அனுப்பிச் சோதிக்கவும் வேண்டாம். நம் போன் அணைந்து கிடந்தாலும் பணம் வந்து சேரும். பின் நம்பர் என்பது நம் பத்தாயத்தின் சாவி. நாமாக இருப்பு எவ்வளவு என்று பார்க்க, நாமாகப் பணம் கொடுக்க, இதற்குத்தான் அது. பத்தாயத்தில் நெல் கொட்ட வருகிறவர் சாவியைக் கேட்டால் அவர் கொட்ட வரவில்லை, அள்ள வந்திருக்கிறார்.

எதிரில் இருப்பவர் யார், என்ன உடை, எந்த அட்டை காட்டுகிறார், எவ்வளவு மரியாதையாகப் பேசுகிறார் என்று ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம். அதெல்லாம் முழுச் செடியைப் பார்ப்பது மாதிரி. "எனக்குப் பணம் வருவதற்கு என்னைப் பின் போடச் சொல்கிறாரா, ஸ்கேன் செய்யச் சொல்கிறாரா?" இதை மட்டும் கேளுங்கள். ஆம் என்றால் போனை வைத்துவிடுங்கள். விளக்கம் கேட்காதீர்கள். விளக்கம் சொல்வதுதான் அவர்கள் தொழில்.

முன்பெல்லாம் தனி ஆள் ஒருவர் நமக்குப் 'பணம் கேட்கும் கோரிக்கை' அனுப்பி, நாம் பின் போட்டால் எடுத்துவிட முடிந்தது. இதில் மோசடி அதிகமானதால், தனி நபருக்குத் தனி நபர் கோரிக்கை அனுப்பும் வசதியை என்.பி.சி.ஐ. 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டது. கியூஆர் கோடு இன்னும் இருக்கிறது. அதனால் எச்சரிக்கை தேவைதான்.

நம்மைத் தேடி வரும் மற்ற வழிகள்

என் அனுபவத்துக்குப் பிறகு கூட்டங்களில் பேச ஆரம்பித்தேன். பேசப் பேச, ஒவ்வொருவரும் தங்கள் கதையைச் சொன்னார்கள். பெரும்பாலும் இந்த ஆறு வகைக்குள் வந்துவிடுகின்றன.

1. காட்டுகிற ஸ்கிரீன்ஷாட். சந்தையில் காய் வாங்கிக்கொண்டு, "ஜிபே பண்ணிட்டேன், பாருங்க" என்று பச்சை டிக் போட்ட திரையைக் காட்டுவார்கள். அதே மாதிரி திரை காட்டவும் சத்தம் எழுப்பவும் போலிச் செயலிகளே இருக்கின்றன. அவர் போன் காட்டுவது சாட்சி ஆகாது. நம் போனில், நம் கணக்கில் வந்ததா என்பதுதான் சாட்சி. கூட்டம் அதிகமாக இருந்தாலும் "ஒரு நிமிஷம் இருங்க, எனக்கு வந்துருச்சான்னு பாத்துக்குறேன்" என்று சொல்ல வெட்கப்படாதீர்கள். நல்ல வாடிக்கையாளர் கோபிக்க மாட்டார்.

2. "கூடுதலாப் போட்டுட்டேன்." 2,500 ரூபாய் தர வேண்டியவர், "கை தவறி 25,000 போட்டுட்டேன், மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்க, ஆஸ்பத்திரிச் செலவுக்கு வச்சிருந்த காசு" என்று அழுவார். உங்கள் போனுக்கு 25,000 வரவு என்று குறுஞ்செய்தியும் வந்திருக்கும். அது பேங்க் அனுப்பியதல்ல, அவரே அனுப்பியது. பேங்கின் செய்தி எழுத்தில் அமைந்த பெயரிலிருந்து வரும். பத்து இலக்க மொபைல் நம்பரிலிருந்து வந்தால் அது பேங்க் இல்லை. செய்தியை நம்பாமல் இருப்பைத் திறந்து பாருங்கள்.

சில சமயம் பணம் உண்மையிலேயே வந்திருக்கும். அப்போதும், அவர் சொல்கிற வேறு நம்பருக்குத் திருப்பி அனுப்பாதீர்கள். அது யாரிடமோ திருடிய பணமாக இருக்கலாம். புகார் வந்தால் கைமாறிய கணக்கு என்று உங்கள் கணக்கையும் முடக்குவார்கள். "பேங்கில் எழுதிக் கொடுங்கள், அவர்கள் வழியாகத் திரும்பி வரும்" என்று சொல்லிவிட்டு, நீங்களும் உங்கள் கிளையில் எழுத்தில் தெரிவியுங்கள்.

3. ஒட்டிய கோடு. வாரச் சந்தையிலோ இயற்கை அங்காடியிலோ நாம் வைத்திருக்கும் கியூஆர் அட்டையின் மேல் வேறு ஒருவர் தன் கோடை ஒட்டிவிட்டுப் போய்விடுவார். வாங்குகிறவர் ஒழுங்காகத்தான் பணம் போடுவார். அது நமக்கு வராது. கடை விரித்ததும் நம் கோடை நாமே ஒருமுறை ஸ்கேன் செய்து, நம் பெயர் வருகிறதா என்று பார்த்துவிட வேண்டும். சாயங்காலம் அட்டையைக் கையோடு எடுத்து வந்துவிட வேண்டும்.

4. வாட்ஸ்அப்பில் வரும் செயலி. "பி.எம். கிசான் தவணை நின்றுவிட்டது, இதில் பதிவு செய்யுங்கள்" என்று ஒரு கோப்பு வரும். பெயரின் கடைசியில் 'ஏபிகே' என்று இருக்கும். பயிர்க் காப்பீடு, மானியம், வண்டி அபராதம், கல்யாணப் பத்திரிகை என்று பல பெயர்களில் வரும். அதைத் தொட்டு நிறுவினால் போனுக்குள் வேவு பார்க்கிற ஆள் உட்கார்ந்த மாதிரி. பேங்கிலிருந்து வரும் ஓடிபி செய்திகளை நமக்கு முன்னால் அது படித்துவிடும். சில நேரம் நம் போனிலிருந்தே நம் குழுக்களுக்கும் அதே கோப்பு போகும். அதனால்தான் தெரிந்தவர் அனுப்பினார் என்பதற்காகவும் திறக்கக் கூடாது. பி.எம். கிசான் என்பது வருடத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை, தவணைக்கு 2,000. அது வரவில்லை என்றால் வேளாண் உதவி அலுவலரைப் பாருங்கள், இல்லாவிட்டால் இ-சேவை மையத்துக்குப் போங்கள். செயலி வேண்டுமானால் பிளே ஸ்டோரில் நாமே தேடி எடுக்க வேண்டும், யார் அனுப்பும் இணைப்பிலிருந்தும் அல்ல.

5. பாதி விலைப் பொருள். நாட்டு மாடு, பழைய டிராக்டர், களை எடுக்கும் கருவி என்று முகநூலில் படம் போடுவார்கள். விலை ஆசையைத் தூண்டும். "இன்னும் மூணு பேர் கேக்குறாங்க, அட்வான்ஸ் 5,000 போட்டா உங்களுக்கு எடுத்து வைக்கிறேன்" என்பார்கள். அப்புறம் வண்டி வாடகை, வழிச் செலவு என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். மாட்டைப் பல் பிடித்துப் பார்க்காமல் நம் அப்பா காலத்தில் யாராவது பணம் கொடுத்தார்களா? மானிய சோலார் பம்பு தருவதாகப் போலி இணையதளங்களும் உண்டு. பதிவுக் கட்டணம் கேட்பார்கள். வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரிக்காமல் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்.

6. உதவி நம்பர். பணம் போய் மாட்டிக்கொண்டால் இணையத்தில் 'கஸ்டமர் கேர் நம்பர்' என்று தேடுகிறோம். அங்கே மோசடிக்காரர்களே தங்கள் நம்பரைப் போட்டு வைத்திருப்பார்கள். "உங்க போன் ஸ்கிரீன் எனக்குத் தெரியணும், இந்த ஆப்பை ஏத்துங்க" என்பார்கள். ஏற்றினால் நாம் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தும் அவருக்குத் தெரியும். உதவி வேண்டுமானால் பாஸ்புக்கில் இருக்கும் நம்பர், ஏடிஎம் அட்டையின் பின்னால் இருக்கும் நம்பர், செயலிக்குள்ளேயே இருக்கும் உதவிப் பகுதி, இந்த மூன்றையும் விட்டு வேறு எங்கும் போக வேண்டாம்.

ஆறிலும் பொதுவாக இரண்டு விஷயம் இருப்பதைக் கவனியுங்கள். ஒன்று, அவசரம். வண்டி கிளம்பிவிட்டது, இன்றே கடைசி நாள், இன்னொருவர் காத்திருக்கிறார். இரண்டாவது, நம் தேவை. விற்காமல் கிடக்கும் அரிசி, வராத தவணை, கிடைக்காத ஆள். நமக்கு எங்கே வலிக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

எங்கள் குழுவில் இப்போது செய்வது

விற்பனைக்கென்று தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு வைத்துக்கொண்டோம். போனில் யுபிஐ அந்தக் கணக்குக்கு மட்டும்தான். அதில் இரண்டாயிரம், மூவாயிரத்துக்கு மேல் சேர்ந்தால் பெரிய கணக்குக்கு மாற்றிவிடுகிறோம். கடன், நகை, படிப்பு என்று வைத்திருக்கும் பணம் உள்ள கணக்கு எந்தச் செயலியோடும் சேரவில்லை. ஏமாந்தாலும் ஒரு மூட்டைப் பணத்தோடு போகட்டும், களஞ்சியமே போக வேண்டாம்.

முன்பின் தெரியாதவர் 5,000 ரூபாய்க்கு மேல் ஆர்டர் கொடுத்தால், உடனே குழுவில் ஒரு வரி போட வேண்டும். யார், எந்த ஊர், எந்த நம்பர். இரண்டு பேராவது "சரி" என்று சொன்ன பிறகுதான் அடுத்த பேச்சு. பணம் யுபிஐ நம்பருக்கு நேராக அனுப்பினால் போதும் என்று வாங்குகிறவரிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். "வேற சிஸ்டம்" என்று ஆரம்பித்தால் ஆர்டர் வேண்டாம். இதனால் ஒரு நல்ல ஆர்டர்கூட இதுவரை எங்களுக்குத் தவறிப்போகவில்லை.

வீட்டிலும் ஒரு பழக்கம். பணப் பேச்சு போனில் வந்தால் ஸ்பீக்கரில் போட வேண்டும். பக்கத்தில் ஒரு ஆள் கேட்க வேண்டும். தனியாக இருக்கும்போதுதான் மயக்குவது சுலபம். அன்று என் வீட்டுக்காரம்மா பக்கத்தில் இருந்திருந்தால், "பணம் தர்றவருக்கு நீங்க ஏன் பணம் போடுறீங்க?" என்று ஒரே கேள்வியில் முடித்திருப்பார். பிறகு அவரே என்னிடம் அதைச் சொன்னார்.

போய்விட்டால் என்ன செய்வது?

முதல் வேலை 1930. இது நாடு முழுவதும் உள்ள இணையக் குற்ற உதவி எண். வெட்கப்படுவதற்கு முன்னால் இந்த எண்ணை அடியுங்கள். புகார் பதிவானதும் பணம் போன பேங்குகளுக்குத் தகவல் போகும். பணம் இன்னும் எடுக்கப்படாமல் ஏதாவது கணக்கில் இருந்தால் அங்கேயே நிறுத்திவைப்பார்கள். அதனால்தான் முதல் ஒரு மணி நேரம் முக்கியம். லைன் கிடைக்காவிட்டால் 'சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்' என்ற அரசு இணையதளத்தில் புகார் பதியலாம். வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் ஒருவர் போன் செய்ய, இன்னொருவர் இணையத்தில் பதியட்டும்.

இரண்டாவது, உங்கள் பேங்குக்குச் சொல்லி யுபிஐயையும் அட்டையையும் நிறுத்துங்கள். மறுநாள் கிளைக்குப் போய் எழுத்தில் கொடுத்து, முத்திரை வைத்த நகல் வாங்கிக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி 2017இல் கொண்டுவந்த விதி ஒன்று இருக்கிறது. நம் தவறும் இல்லாமல், பேங்கின் தவறும் இல்லாமல், வெளி ஆள் புகுந்து நம் கணக்கிலிருந்து எடுத்திருந்தால், மூன்று வேலை நாளுக்குள் பேங்குக்குத் தெரிவிக்க வேண்டும். அப்படித் தெரிவித்தால் நஷ்டம் நம் தலையில் விழாது. ஆனால் நாமே பின் போட்டோ, ஓடிபி சொல்லியோ போன பணத்துக்கு, பேங்குக்குத் தெரிவிக்கும் வரை ஏற்படும் நஷ்டம் நம்முடையதுதான். தெரிவித்த பிறகும் பணம் போனால் அது பேங்கின் பொறுப்பு. எப்படிப் பார்த்தாலும் சீக்கிரம் சொல்வதில்தான் நமக்கு நன்மை.

மூன்றாவது, எதையும் அழிக்காதீர்கள். கோபத்தில் நான் அந்த ஆளின் வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிட்டேன். அவன் நம்பர், அவன் அனுப்பிய கோடு, பேசிய நேரம், ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் வரும் 12 இலக்க எண், எல்லாம் சாட்சி. இவற்றோடு மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குப் போகலாம். கூட ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

நான்காவது, "உங்க பணத்தை மீட்டுத் தர்றோம், பீஸ் இவ்வளவு" என்று சில நாளில் ஒரு போன் வரும். எனக்கும் வந்தது. அது அதே கூட்டத்தின் இரண்டாவது அறுவடை. உண்மையான போலீசும் பேங்கும் பணத்தை மீட்கக் கட்டணம் கேட்பதில்லை.

வாய் திறப்போம்

ஒரு வயலில் புகையான் விழுந்தால் நாம் மறைப்பதில்லை. பக்கத்து வயல்காரருக்கும் சொல்கிறோம். தண்ணீரை வடிக்கச் சொல்கிறோம். அவன் வயல் கருகினால் நமக்கும் கேடு என்று தெரியும். பண மோசடியில் மட்டும் ஏன் வாயை மூடிக்கொள்கிறோம்? ஏமாந்தவன் முட்டாள் என்று நினைக்கிற வரைக்கும், அடுத்தவர் ஏமாறுவதற்கு நாமே வழி விடுகிறோம்.

மனைவியிடம் உண்மையைச் சொன்ன அன்று அவர் ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. "சங்கிலி போனா போகுது. ரெண்டு நாளா என்கிட்ட பொய் சொன்னீங்களே" என்றார். சங்கிலியைத் திருப்ப அடுத்த குறுவை வரை ஆனது.

எண்ணெய் அக்கா இன்றும் எங்கள் குழுவில்தான் இருக்கிறார். கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச இப்போது நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் எழுந்திருக்கிறோம். நான் 36,000 கதையைச் சொல்வேன். அவர் 1930 கதையைச் சொல்வார். போன மாதம் போனை நீட்டிய அந்தத் தம்பி, கூட்டம் முடிவதற்குள் அந்த நம்பரைத் தன் ஊர்க் குழு முழுவதுக்கும் அனுப்பிவிட்டிருந்தார்.

உங்கள் ஊர்க் கூட்டத்திலும் ஒரு பத்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். ஏமாந்தவர் யாராவது இருந்தால் முதலில் அவரைப் பேச விடுங்கள்.